பக்கத்து ஊர் இல்லாத சிங்கங்கள்

1900ஆம் ஆண்டு வைஸ்ராய் கர்சன் ஜுனாகத் சமஸ்தானத்துக்கு வந்தபோது அவருக்காகச் சிங்க வேட்டை ஏற்பாடாகியிருந்தது. கிர் காட்டில் மிஞ்சியவை மிகச் சில என்று அறிந்ததும் அவர் வேட்டையைக் கைவிட்டு, மிச்சத்தைக் காக்கும்படி நவாபிடம் சொன்னார். ஒரு காலத்தில் பீகார் வரை திரிந்த விலங்கு, துப்பாக்கிகளுக்குப் பலியாகி இந்தியாவில் அந்த ஒரு காட்டில் ஒடுங்கியிருந்தது. பன்னிரண்டே இருந்தன என்பார்கள். வேட்டைக்கு அனுமதி கேட்டு வருபவர்களைத் தட்டிக்கழிக்க அரண்மனை குறைத்துச் சொன்ன கணக்கு அது என்போரும் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. எப்படியோ, நவாபின் வேட்டைத் தடை சிங்கங்களைப் பிழைக்க வைத்தது. 2025 கணக்கெடுப்பில் அவை 891.

கால்நடை மருத்துவனான எனக்கு அந்த எண் மட்டும் போதவில்லை. ஆடு வளர்ப்பவர்கள் ஒரே பொலிகிடாவை வருடக்கணக்காக மந்தையில் விடமாட்டார்கள். தன் குட்டிகளோடேயே அது சேர்ந்தால் ஈத்து குறையும், பிறப்பது நோஞ்சானாகும். பக்கத்து ஊர்க்காரரிடம் கிடாவை மாற்றிக்கொள்வார்கள். கிர் சிங்கத்துக்கு அந்தப் பக்கத்து ஊர் இல்லை. ஈரானில் இருந்த உறவுகளும் 20ஆம் நூற்றாண்டில் அற்றுப்போயின.

1987இல் வெளியான ஆய்வுக்காக மரபியலாளர் ஸ்டீபன் ஓ'பிரையன் குழுவினர் கிர் சிங்கங்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஒன்றுக்கொன்று மரபணு வேறுபாடே அநேகமாகத் தென்படவில்லை. விந்தணுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உருக்குலைந்திருந்தன; தான்சானியாவின் செரங்கெட்டி சிங்கங்களில் அது நான்கில் ஒரு பங்கு. அப்படியிருந்தும் கிர் சிங்கம் குட்டி போட்டுப் பெருகியது. ஆகவே இனப்பெருக்கத்தைவிட நோயை நினைத்துத்தான் நான் பயப்படுகிறேன். எதிர்ப்புச் சக்திக்கான மரபணுக்கள் பலவிதமாக இருந்தால்தான் புதுக் கிருமி நுழையும்போது சிலவாவது தாக்குப்பிடிக்கும். அந்தப் பன்முகம் கொண்ட செரங்கெட்டியிலேயே 1994இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் கிருமி மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்றது. 2018இல் அதே கிருமி கிர் காட்டின் தல்கானியா சரகத்தில் தென்பட்டது. சில வாரங்களில் 23 சிங்கங்கள் மாண்டன.

இழந்த மரபணுவை யாராலும் திருப்பித் தர முடியாது. இருப்பதை ஒரே இடத்தில் குவித்து வைக்காமல் பிரித்து வைக்கலாம். அதற்காகத்தான் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேர்வானது. சிங்கம் வருமென்று 24 கிராமங்கள் காலியாயின. பெயர்ந்தவர்களில் பெரும்பாலோர் சகரியா பழங்குடியினர். ஆறு மாதத்தில் சிங்கங்களை அனுப்பும்படி 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றுகூடப் போகவில்லை. 2022இல் அங்கே இறங்கியது நமீபியாவின் சிவிங்கிப்புலி.

கிர் காடு இருக்கும் குஜராத் மாநிலம் பர்டா காட்டை இரண்டாம் வீடாகக் காட்டுகிறது. கிரைப் போலவே பர்டாவும் சௌராஷ்டிரத்திலேயே இருக்கிறது. தெருநாயோடு வரும் நோய்க்கு அது தொலைவே இல்லை. இருபது சிங்கங்களாவது மாநில எல்லை தாண்டிப் போயாக வேண்டும்.