'கார்டியல்'... கல்யாணப் பத்திரிகை வார்த்தைக்குள் ஒளிந்திருக்கும் இதயம்!

வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்ப் பக்கத்தில் 'அன்புடன் அழைக்கிறோம்' என்று இருக்கும். இங்கிலீஷ் பக்கத்தில் 'கார்டியலி இன்வைட்' என்று இருக்கும். ஆனால் ஆபீஸில் ஒருவர், "அவரோட கார்டியலாத்தான் இருக்கேன்" என்றால்? பெரும்பாலும், 'சண்டை இல்லை, அவ்வளவுதான்' என்று அர்த்தம். ஒரே வார்த்தை இங்கே சூடாகவும், அங்கே ஆறிப்போயும் இருப்பது எப்படி?

வேர் எங்கே?

லத்தீன் மொழியில் 'கோர்' என்றால் இதயம். அதிலிருந்து 'கார்டியாலிஸ்', அதாவது இதயம் சம்பந்தப்பட்டது. 14-ம் நூற்றாண்டின் கடைசியில் இது இங்கிலீஷுக்குள் வந்துவிட்டது. கிரேக்கத்தில் இதயத்துக்கு 'கார்டியா' என்று பெயர். ஆஸ்பத்திரி போர்டில் பார்க்கிற 'கார்டியாலஜி' அதிலிருந்து வந்ததுதான். சம்ஸ்கிருதத்தின் 'ஹ்ருதயம்' என்ற சொல்லையும் இதே குடும்பத்தில்தான் மொழியியலாளர்கள் வைக்கிறார்கள். அதுதான் தமிழில் 'இதயம்' ஆனது. ஆக, 'கார்டியலி' என்பது நாம் சொல்கிற 'இதயபூர்வமாக' என்பதற்குத் தூரத்துச் சொந்தம்!

முதலில் அது மருந்து

அந்தக் காலத்தில் இதயத்துக்குத் தெம்பு தரும் மருந்துக்கும் 'கார்டியல்' என்றுதான் பெயர். மூலிகை, மசாலா, சாராயம் சேர்த்துக் காய்ச்சினார்கள். சிலவற்றில் தங்கத்தையும் சேர்த்தார்கள். ஆங்கிலக் கவிஞர் சாஸர், 'கேன்டர்பரி கதைகள்' நூலில் வரும் டாக்டரை இதை வைத்தே கிண்டல் செய்கிறார். தங்கம் கார்டியல் மருந்தாம், அதனால்தான் டாக்டருக்குத் தங்கத்தின் மேல் அவ்வளவு பிரியமாம்!

பிறகு அது ஜூஸ் ஆனது. ஸ்காட்லாந்தின் லாக்லன் ரோஸ், சாராயம் இல்லாமல் சர்க்கரை சேர்த்து லைம் ஜூஸைப் பதப்படுத்தும் முறைக்கு 1867-ல் காப்புரிமை வாங்கினார். கடையில் இன்றைக்கும் லைம் கார்டியல் கிடைக்கிறது. ஸ்குவாஷில் பழச்சதை இருக்கும். கார்டியல் வடிகட்டித் தெளிந்தது.

நெஞ்சை வைத்தே பேசுகிறோம்

'கோர்' என்ற வேரிலிருந்து வந்த மற்ற வார்த்தைகளைப் பாருங்கள். 'கரேஜ்' என்றால் தைரியம். நாம் 'நெஞ்சுரம்' என்கிறோம். 'ரெக்கார்டு' என்பதன் பழைய பொருள் மனதில் இருத்திக்கொள்வது. நமக்கு 'மனப்பாடம்'. 'டிஸ்கார்டு' என்றால் நமக்கு 'மனக்கசப்பு'. இரண்டு மொழிகளுக்கும் சொந்தமே இல்லை. ஆனாலும் இரண்டும் உணர்ச்சியை நெஞ்சில்தான் வைத்திருக்கின்றன.

இதயத்தைப் பற்றியே பேசிய ஒருவர் வாழ்ந்த ஊர் திருவண்ணாமலை. 1896 செப்டம்பர் 1-ம் தேதி இங்கே வந்து, 1950-ல் மறையும்வரை ஊரை விட்டுப் போகாத ரமண மகரிஷிதான் அவர். அவர் சொன்ன இதயம் ரத்தத்தை பம்ப் செய்யும் உறுப்பு அல்ல, 'நான்' என்ற உணர்வு எழும் இடம். 'நான்' என்று சொல்லும்போது யாரும் தலையைத் தொடுவதில்லை, நெஞ்சைத்தான் தொடுகிறார்கள் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

சூடு ஆறியது எப்படி?

1904-ல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட உடன்பாட்டுக்கு 'ஆன்டான்ட் கார்டியால்' என்று பெயர். காலனிப் பங்கீட்டுத் தகராறுகளைத் தீர்த்துக்கொண்ட ஏற்பாடு அது. இதயமும் இருந்தது, கணக்கும் இருந்தது. அரசாங்க அறிக்கைகளிலும் ஆபீஸ் கடிதங்களிலும் புழங்கப் புழங்க, 'நெஞ்சார' என்பது 'மரியாதையாக' என்று சுருங்கிவிட்டது.

இன்னொரு வேடிக்கை, 'கார்டியலி டிஸ்லைக்' என்றும் சொல்வார்கள். மனசார வெறுக்கிறேன் என்று அர்த்தம்! 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், உருவகக் கதைகள் தனக்குப் பிடிக்காது என்பதை முன்னுரையில் இப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

எங்கே, எதைச் சொல்லலாம்?

* அழைப்பிதழ், அலுவல் கடிதம்: 'கார்டியல்' பொருத்தம்.
* நெருங்கிய நண்பர், சொந்தக்காரர்: 'வார்ம்' போதும். அவர்களிடம் 'கார்டியல்' போட்டால் தள்ளி நிற்கிற மாதிரி இருக்கும்.
* சகஜமாகப் பேசிப் பழகுபவர்: 'அஃபபிள்'. லத்தீனில் 'பேசுவதற்கு எளிதானவர்'.
* சண்டை போடாமல் பிரிவது, சமரசம்: 'அமிகபிள்'. 'அமிகஸ்' என்றால் நண்பர்.

முகம் மட்டும் சிரிப்பது நட்பு அல்ல, உள்ளே நெஞ்சமும் சிரிக்க வேண்டும் என்கிறது திருக்குறளின் 786-வது குறள். கார்டியல் என்ற வார்த்தை தொலைத்தது அந்த இரண்டாவது பாதியைத்தான்.

அது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்து பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் நீர்மோர் டம்ளரை நீட்டி, "குடிங்க சாமி" என்பார். ஊர், பேர் எதுவும் கேட்கமாட்டார். இதயத்துக்குத் தெம்பு தரும் பானம் என்ற பழைய அர்த்தமும், நெஞ்சார உபசரிப்பது என்ற அர்த்தமும் அந்த ஒரு டம்ளரில் இருக்கும்.