வலி மாத்திரைகளும் எலும்பு நலமும்

வலி மாத்திரை என்று பொதுவாகச் சொல்லப்படுபவை ஒரே வகை மருந்துகள் அல்ல. எலும்பைப் பாதிக்கும் அளவும் மருந்துக்கு மருந்து வேறுபடும். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிப் பாசன நெல் வேளாண்மை பரவலாக நடக்கிறது. நாற்று நடவும் களையெடுப்பும் நாள் முழுவதும் குனிந்து செய்யும் வேலைகள் என்பதால், இடுப்புவலிக்கும் முழங்கால்வலிக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு வயலில் இறங்கும் பெண்கள் பலர்.

பாராசிட்டமால் எலும்பைக் கெடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அளவு மீறினால் கெடுவது கல்லீரல்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் ஆகியவை புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உருவாவதைத் தடுத்து வலியையும் வீக்கத்தையும் குறைக்கின்றன. முறிந்த இடத்தில் புது எலும்பு வளரவும் அதே பொருள் தேவை. விலங்கு ஆய்வுகளில் இம்மருந்துகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தின. மனிதரிடம் கிடைத்த முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சில நாள் சாப்பிடுவதால் பெரிய கெடுதல் இல்லை என்பதே பொதுவான கருத்து. எலும்பு முறிவுக்கு ஆந்திரத்தின் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வந்தவர் வாரக்கணக்கில் இவற்றைத் தொடர்வதுதான் கவலைக்குரியது, சிறுநீரகமும் கெடலாம்.

எலும்பை உண்மையில் அரிப்பது ஸ்டீராய்டு. மருந்துக்கடையில் "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்டால், அட்டையிலிருந்து வெட்டிய இரண்டு மூன்று மாத்திரைகள் பெயரில்லாத சிறு காகித உறையில் கைக்கு வரும். அவற்றில் டெக்சாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு இருப்பதுண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்பது சட்டப்படி குற்றம். வலி சட்டென்று விட்டுவிடுவதால் "அதே மாத்திரை"யைத் தேடி மக்கள் மறுபடி வருகிறார்கள். தாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது என்பதே இதில் பெருங்கொடுமை.

ஸ்டீராய்டு, எலும்பைக் கட்டும் செல்களை முடக்குகிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் கூட்டுகிறது. நாளொன்றுக்கு 2.5 மி.கி. பிரெட்னிசோலோனை 3 மாதத்துக்கு மேல் சாப்பிட்டாலே எலும்பைப் பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். டெக்சாமெத்தசோனின் 0.5 மி.கி. மாத்திரை ஒன்றே ஏறக்குறைய 3.3 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். பெரும்பாலும் முதுகெலும்புதான் முதலில் நொறுங்கும். உயரம் குறையும், கூன் விழும். இடுப்பு மூட்டின் பந்துப் பகுதி ரத்த ஓட்டமின்றிச் செத்துப்போவதும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஏற்கெனவே எலும்பு தேய்ந்துவருவதால் ஆபத்து இன்னும் அதிகம்.

வலி மாத்திரையோடு சேர்த்துத் தரப்படும் பான்டோபிரசோல் போன்ற 'கேஸ் மாத்திரை'களை ஓராண்டுக்கு மேலோ அதிக அளவிலோ சாப்பிட்டால் எலும்பு முறிவு வாய்ப்பு கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் எச்சரித்தது. டிரமடால் என்னும் வலி மாத்திரை தலைச்சுற்றலை உண்டாக்கும். முதியவர் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. உடல் தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு குறைந்திருப்பதால் மயக்கமும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மீதமுள்ள மாத்திரைகளை உறையோடு அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று காட்டினால், மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்.