வரிச்சுருள்

மின்னோட்டம் பாயும்போது காந்தமாகும் கம்பிச்சுருள் ‘சோலினாய்டு’. அதற்கு நம் இயற்பியல் பாடநூல்கள் தரும் சொல் வரிச்சுருள். மூலச்சொல்லைப் படைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதை 1820இல் டேனிஷ் அறிஞர் ஏர்ஸ்டெட் வெளியிட்ட சில ஆண்டுகளில் ஆம்பியர் அச்சொல்லை உருவாக்கினார். கிரேக்கத்தில் ‘சோலேன்’ என்றால் குழாய். ஆக, குழாய் வடிவானது என்று பொருள்.

தமிழ்ச் சொல்லோ குழாயை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. வரி என்றால் கோடு, வரிசை. வரிதல் என்றால் இறுகக் கட்டுதல். வேட்டியை ‘வரிந்து கட்டுவது’ இதனால்தான். வரிசையாக, இறுகச் சுற்றிய சுருள் என இரு பொருளும் என் காதில் ஒலிக்கின்றன. இயற்பியலும் இதற்கே ஒத்துவருகிறது. நீண்ட சுருளின் நடுவில் காந்தப்புலத்தின் வலிமை குழாயின் விட்டத்தைப் பொறுத்ததன்று. மின்னோட்டத்தையும், ஒரு மீட்டரில் எத்தனை சுற்று என்ற நெருக்கத்தையும் பொறுத்தது. மீட்டருக்கு 1000 சுற்று, 1 ஆம்பியர் மின்னோட்டம் என்றால் ஏறத்தாழ 1.26 மில்லிடெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப்போல் இருபது மடங்குக்கும் மேல்.

வரிச்சுருள் தமிழ் என்றாலும், அது உண்டாக்கும் காந்தப்புலத்திலுள்ள ‘காந்தம்’ வடமொழி வரவு. ‘அயஸ்காந்தம்’, அதாவது இரும்புக்குப் பிரியமானது. வரிச்சுருளின் கம்பியில் மின்னோட்டம் நின்றதும் அந்தப் பிரியமும் நின்றுவிடும்.