வெள்ளிக்கு உருகியவை: ‘காஞ்சிவரம்’ திரைப்படமும் சேகரிப்போர் நோக்கும்

பிரியதர்சன் இயக்கிய ‘காஞ்சிவரம்’, 1948இல் காவலருடன் பேருந்தில் ஊர் திரும்பும் சிறைக்கைதியான நெசவாளன் வேங்கடத்தின் நினைவோட்டமாக விரிகிறது. 2008இல் டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பெற்ற இப்படம், 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதையும் ஈட்டியது. மகளுக்குப் பட்டு உடுத்தி மணமுடிப்பதாகக் கொடுத்த வாக்குக்காக, வேங்கடம் முதலாளியின் தறிக்கூடத்துப் பட்டிழையை வாயில் ஒளித்துக் கொணர்ந்து வீட்டில் மறைவாக நெய்கிறான். போர் முடிந்து நாடு விடுதலை பெற்ற பின்னும் அத்துணி நிறைவுறவில்லை. இறுதியில் அது மகளின் சடலத்தின்மேல் போர்த்தப்படுகிறது.

இப்படத்தைச் சேகரிப்பின் வரலாற்றோடு இணைத்துக் காண்பது தகும். காஞ்சிப் பட்டில் சேகரிப்போர் தேடுவது மூன்று நாடா ஓட்டி உடலையும் கரையையும் பிணைக்கும் கோர்வையும் பழஞ்சரிகையும் ஆகும். பட்டு நூலின்மேல் வெள்ளி இழை சுற்றிப் பொன்முலாம் பூசியதே அச்சரிகை. பழம்புடவைக்கு எமனும் அதுவே. கிழிந்த புடவைகளைச் சரிகைக்காக விலைக்கு வாங்கி, எரித்து, வெள்ளியைப் பிரித்தெடுப்பது நெடுநாளைய வணிகம். கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்கும் நேர்ந்தது இதுதான். அதன் பிம்பமே வெள்ளித் துகளால் ஆனது. ஓடி முடிந்த சுருள்கள் வெள்ளிக்காக எடைக்கு விற்கப்பட்டன. தீக்கு இரையானவை வேறு. நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ இன்று இல்லை. 1931இன் ‘காளிதாஸ்’ படமும் இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியதே 1964இல்தான்.

வேங்கடத்தின் துணி எச்சேகரிப்பிலும் இடம்பெறத் தக்கதன்று. திருட்டு இழை, விலைச்சீட்டு இல்லை, பாதித் தறியில் நின்றது. அருங்காட்சியகக் குறிப்புகள் பெரும்பாலும் ஊரையும் காலத்தையும் சொல்லும்; நெய்தவன் பெயரையோ அவன் பெற்ற கூலியையோ சொல்வது அரிது. அவ்விடத்தில்தான் இக்கற்பனைக் கதை வரலாற்று மாணவனுக்கு உதவுகிறது. எனினும் அதை ஆவணமாகக் கொள்ளுதல் பிழை. தோழர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவனே இழை வேண்டி அவர்களை வேலைக்குத் திரும்பச் சொல்வதாகக் காட்டி, கூலிப் போராட்டத்தை ஒரு தந்தையின் தனிக் குற்றவுணர்வாகப் படம் சுருக்கிவிடுகிறது. இது சிறு குறையன்று.

வண்ணப் படச்சுருளில், பதப்படுத்தலின்போதே வெள்ளி நீக்கப்படுவதால், உருக்குவோருக்கு அது பயன்படாது. சாயம் வெளுத்தலே அதற்குரிய கேடு.