பழைய ஓம்னியை கேம்பர் வேனா மாத்துறீங்களா? அந்தமானில் முதலில் அடியில் பாருங்க

1984-இல் வந்த மாருதி வேனின் தயாரிப்பு, ஓம்னி என்ற பெயரில் 2019-இல் நின்றுபோனது. இப்போது நீங்கள் வாங்கி, பின் சீட்டைக் கழற்றி மெத்தை போடும் எந்த ஓம்னியும் பழசுதான்.

ஸ்ரீ விஜயபுரத்தின் பத்துபஸ்தி மாதிரி இடத்தில் முதலில் போவது இன்ஜின் இல்லை, தகரம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, கூடவே உப்புக்காற்று. மேலே பெயின்ட் பளபளன்னு இருக்கும், அடியில் பொத்துப்போயிருக்கும்.

மெத்தைக்குக் கீழே உள்ள மேட்டைத் தூக்குங்க. ஈரம் அங்கேதான் தங்கும். வீல் ஆர்ச், ஸ்லைடிங் கதவின் கீழ்ப்பகுதியைத் தட்டிப் பாருங்க. துரு மேலேயே அண்டர்கோட்டிங் அடிப்பது வீண் செலவு. சுரண்டி, ஓட்டையான தகட்டை வெட்டி, வெல்டிங் வைத்து, ப்ரைமர் அடித்த பிறகே அது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, மெத்தையையும் கேஸ் சிலிண்டரையும் வெளியே எடுத்துடுங்க.

இது அழகுக்கான வேலை இல்லை. ஓம்னியின் 796 சிசி இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கு. புகைக்குழாயும் தரையும் துருப்பிடித்து ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. தரை நன்றாக இருந்தாலும் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீங்க.

15 ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்கு, சோதனைக்குப் பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கணும். ஆர்சி விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடை போடுகிறது. அதனால் சீட்டை நிரந்தரமாகக் கழற்றும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்குங்க.

மழை குறைந்த ஜனவரி–ஏப்ரல்தான் தகர வேலைக்குத் தோது. சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டிய பாகங்களை டிசம்பரிலேயே சொல்லிவையுங்க.