பித்தளைத் தோட்டாவும் மாரிக்காலமும்

புத்தளக் கடனீரேரியின் வாயிலைக் காத்து நிற்கும் கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கி 1676 அளவில் நிறைவு செய்தனர். கண்டி இராச்சியத்தின் கடல் வாணிகத்தைத் தடுப்பதே அவர்தம் நோக்கம். 1795இல் அது ஆங்கிலேயர் கைப்பட்டது. அக்காலத்துப் போர்வீரன் வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் துப்பாக்கியின் வாய்வழியே இட்டு இடித்துச் சுட்டான். உப்பு விளையும் கரையிலே, ஈரக் காற்றிலிருந்து மருந்தைக் காப்பது பகைவனைக் காப்பதினும் பெரும்பாடு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மருந்தையும் குண்டையும் காகிதத்திற் சுற்றிவைக்கும் முறை அக்குறையை முற்றாகத் தீர்க்கவில்லை. கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா, 1857இல் வட இந்தியச் சிப்பாய்களிடையே மூண்ட கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் அவ்வாண்டு சனவரியிலேயே அதுபற்றிய முணுமுணுப்பு எழுந்தது.

1866இல் வூலிச் படைக்கலச் சாலையின் அதிகாரியான பொக்சர் என்பார், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி அமைத்த தோட்டா பிரித்தானியப் படையில் வழக்கிற்கு வந்தது. பின்னர் ஒரே தகட்டை அழுத்தி நீட்டி உறை செய்தனர். நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த இவ்வுலோகம், வெடிக்கும்போது விரிந்து துப்பாக்கியின் பின்வாயை அடைக்கும். பின்பு சற்றே சுருங்கி எளிதிற் கழன்று வரும். ஈரமும் உள்ளே புகாது. கவலை ஒழிந்தது என்றே அனைவரும் எண்ணினர்.

ஆனால் இந்தியாவில் மாரிக்காலம் வந்ததும், குதிரை லாயங்களை அடுத்து வைக்கப்பட்ட தோட்டாக்கள் யாரும் தொடாமலே வெடிப்புக் கண்டன. பருவத்தோடு ஒட்டி நேர்ந்தமையால் அதனைப் பருவ வெடிப்பு என்றனர். பழி மாரியின்மேல் விழுந்தது.

உண்மைக் காரணத்தை மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் ஆய்வாளர் மூவர் 1921இல் விளக்கினர். உறையை நீட்டி, அதன் கழுத்தைக் குறுக்கியபோது உலோகத்தினுள் ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. லாயத்துக் கழிவிலிருந்து எழும் அமோனியா, ஈரத்தோடு சேர்ந்து, அவ்விழுவிசை உள்ள இடத்தில் உலோக மணிகளின் இடைவெளியை அரிக்கிறது. மாரி துணைக்காரணமே, முதற்காரணம் உறையின் உள்ளே இருந்தது. உலோகத்தின் உறுதி கெடாதவாறு மிதமாகச் சூடேற்றினால் அந்த இழுவிசை தணியும், வெடிப்பும் நீங்கும்.

எஃகைக் காய்ச்சி நீரிலே தோய்த்தால் இறுகும். பித்தளையோ காய்ச்சினால் இளகும். குடமும் குத்துவிளக்கும் செய்யும் கன்னார் இதனை வழிவழியாக அறிந்தவர். சுட்ட உறைகளை மீண்டும் பயன்படுத்துவோர் சட்டம் இடந்தரும் நாடுகளில் இன்றும் உளர். பலமுறை விரிந்து சுருங்கிய கழுத்து இறுகிப் பிளக்கும் என்பதால், கழுத்தை மட்டும் காய்ச்சி இளக்குவர். வெடியின் அழுத்தத்தைத் தாங்கும் அடிப்பகுதி இளகினால் சுடுபவனுக்கே ஆபத்தாகும்.

பேரரசின் படைக்களஞ்சியத்தை அலைக்கழித்தது பகைவரின் குண்டன்று. லாயத்துக் காற்றும் உலோகத்தின் உள்ளிறுக்கமுமே. புறத்தே பளபளக்கும் பொருளின் அகத்தே இருப்பதை ஆராயாமல், காலத்தின்மேற் பழிபோடுவது மனிதர் இயல்பு. அவ்வியல்பை வென்ற ஆராய்ச்சியே இந்தச் சிறு பித்தளை உறையின் வரலாறு நமக்கு விட்டுச் செல்லும் செல்வம்.