இரைச்சலின் ஜாதகம்

வேலந்தாவளத்தில் மாநில எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ளச் சோதனைச்சாவடியைத் தேட வேண்டியதில்லை. லாட்டரிக் கடை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் போதும். தமிழ்நாடு 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தது. கேரள அரசோ 1967இல் அதற்கென்றே ஒரு துறையைத் தொடங்கி, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்தி, இன்றும் நடத்துகிறது. அதனால் கோவைப் பக்கத்து ஆட்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கிளிப்பில் தொங்கும் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள். "ஏழுல முடியறது இருந்தா ஒண்ணு குடுங்கண்ணா" என்று ஒருவர் கேட்பார். அண்ணாவும் பொறுமையாகத் தேடித் தருவார். 2023 ஓணம் பம்பரின் முதல் பரிசு 25 கோடி ரூபாய், வாளையாறில் விற்ற சீட்டுக்குத்தான் விழுந்தது. வாங்கியவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். அப்புறம் எல்லைக் கடைகளில் கூட்டம் குறையுமா?

அந்தக் கடையில் உண்மையில் விற்பது, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத ஓர் எண். அதை உண்டாக்குவது சுலபம் போலத் தெரியும். மனிதனைச் சொல்லச் சொன்னால் பிடித்த எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வான். கணிப்பொறியைச் சொல்லச் சொன்னால் அது ஒரு கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தக் கணக்கைத் தெரிந்தவனுக்கு அடுத்த எண்ணும் தெரியும். கலப்படமில்லாத தற்செயலை இயற்கையிடம்தான் வாங்க வேண்டும். இயற்கை அதை எந்த வடிவில் வைத்திருக்கிறது என்பதைப் பழைய ரேடியோ வைத்திருந்தவர்கள் எல்லோரும் காதால் கேட்டிருக்கிறார்கள். மத்திய அலையில் திருச்சூர் 630, கோவை 999. முள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் வரும் அந்த 'உஸ்ஸ்ஸ்' இருக்கிறதே, அதுதான் சரக்கு.

இந்த இரைச்சலை முதலில் முறையாக விசாரித்தவர் பெர்லினில் சீமென்ஸ் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷாட்கி. வால்வுகளை அடுக்கி ஒலியை எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, முடியாது என்று 1918இல் எழுதினார். மின்சாரம் தண்ணீர்போல வழவழவென்று ஓடுவதில்லை. எலக்ட்ரான்கள் தனித்தனியாக வந்து விழுகின்றன. தகரத்தின்மேல் துப்பாக்கி ரவையைக் கொட்டினால் வரும் சத்தம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ரவையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். வெப்பத்தால் வரும் இன்னோர் இரைச்சலும் உண்டு என்றார். அதை அளந்து காட்டியவர் ஜான்சன், கணக்கால் நிறுவியவர் நைக்விஸ்ட். இருவரும் ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். 1928இல் வெளிவந்த அவர்கள் கட்டுரைகளின்படி, மேசைமேல் சும்மா கிடக்கும் ஒரு மின்தடைகூட, எதோடும் இணைக்காமலேயே, உள்ளுக்குள் சலசலத்துக்கொண்டிருக்கிறது. அதன் வாயை அடைக்க அதைக் குளிர வைப்பது ஒன்றுதான் வழி.

அதே பெல் கூடம், அட்லாண்டிக்கைத் தாண்டும் ரேடியோ தொலைபேசியில் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞரை அமர்த்தியது. பக்கத்து இடி, தூரத்து இடி இரண்டையும் கழித்த பிறகும் ஒரு மெல்லிய சீறல் மிஞ்சியது. அது தினமும் நான்கு நிமிடம் முன்னதாக வந்தது. சூரியனைப் பார்த்து நடப்பதென்றால் 24 மணிக்கு ஒருமுறை வர வேண்டும்; 23 மணி 56 நிமிடம் என்பது நட்சத்திரங்களின் கணக்கு. பால்வீதியின் நடுப்பகுதி இரைகிறது என்று 1933இல் அவர் அறிவித்தார். புகார் விசாரிக்கப் போனவர் ரேடியோ வானியலைத் தொடங்கி வைத்துவிட்டார்.

அதுவரை இரைச்சல் ஒரு தொல்லை. அதற்கு விலை வைத்தது இரண்டாம் உலகப் போர். எதிரியின் ரேடார் திரையைக் குழப்ப வேண்டுமானால் ஒரே சுருதியில் ஊளையிட்டால் போதாது, அவன் அதை வடிகட்டிவிடுவான். எல்லா அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் கொட்டும் இரைச்சல் வேண்டும். அமெரிக்கப் பொறியாளர்கள் அதைச் சம்பந்தமே இல்லாத ஓரிடத்திலிருந்து எடுத்தார்கள். ஆர்சிஏ நிறுவனம் 931 என்றொரு போட்டோமல்டிப்ளையர் குழாய் செய்துகொண்டிருந்தது. ஓர் எலக்ட்ரானைப் பல லட்சமாகப் பெருக்கும் அந்தக் குழாய், மங்கலான ஒளியை அளப்பதற்காக வந்தது. அதன்மேல் கொஞ்சம் வெளிச்சம் விழவிட்டால், எலக்ட்ரானைக் கிளப்பும் ஒவ்வொரு ஒளித்துகளும் ஒரு வெடிப்பாக வெளியே வரும். எல்லாம் சேர்ந்தால் ஷாட்கியின் ரவை மழை, லட்சம் மடங்கு பெரிதாக. ஒளியிலிருந்து மின் இரைச்சல் செய்யும் கலைக்கு அந்த ரேடார் குழப்பிகளே முன்னோர்.

இரகசியம் பேசவும் இரைச்சல் உதவியது. வாஷிங்டனும் லண்டனும் பேசிக்கொள்ள 1943இல் வந்த சிக்சலி என்ற இயந்திரத்தின் எடை 55 டன். பாதரச ஆவிக் குழாய்களின் இரைச்சலை இசைத்தட்டில் பதிவார்கள். இரண்டே பிரதி, இந்தக் கரைக்கு ஒன்று, அந்தக் கரைக்கு ஒன்று. இரு கரையிலும் தட்டுகள் ஒரே கணத்தில் சுழலத் தொடங்க வேண்டும். இங்கே பேச்சோடு இரைச்சலைக் கலப்பார்கள், அங்கே கழிப்பார்கள். நடுவில் ஒட்டுக்கேட்பவனுக்கு 'உஸ்ஸ்' மட்டும். பேசி முடித்ததும் தட்டை அழித்துவிடுவார்கள். உலகத்திலேயே விலை உயர்ந்த இசைத்தட்டில் இசையே இல்லை!

போர் முடிந்தது. இரைச்சல் லாட்டரிக்கு வந்தது. பிரிட்டிஷ் அரசு, முதலுக்கு மோசமில்லாமல் வட்டியை மட்டும் பரிசாகக் கொடுக்கும் ஒரு சேமிப்புப் பத்திரத்தைக் கொண்டுவந்தது. 1957இல் அதன் குலுக்கலுக்காக எர்னி என்ற இயந்திரத்தைச் செய்தவர்கள், போர்க்காலத்தில் ஜெர்மானியச் சங்கேதத்தை உடைக்க கொலோசஸ் கணிப்பொறியைக் கட்டிய அஞ்சல் துறைப் பொறியாளர்கள். நியான் குழாயின் இரைச்சலை எண்ணாக மாற்றினார்கள். எர்னியை நினைவில் வைத்திருங்கள், திரும்பி வருவார்.

இப்போது நம் ஊர்ப் பக்கம். வேலந்தாவளத்துக்கு வடக்கே நீலகிரி. அங்கே அருவங்காட்டில், வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் ஊரில், 1916இல் பிறந்தவர் ராபர்ட் ஹான்பரி பிரவுன். இங்கிலாந்துக்குப் போய் ரேடார் பொறியாளராகி, பிறகு வானியலாளரானார். 1956இல் அவரும் ரிச்சர்ட் ட்விஸ்ஸும் ராணுவத்தின் பழைய தேடுவிளக்குக் கண்ணாடிகள் இரண்டைச் சிரியஸ் நட்சத்திரத்தின் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு போட்டோமல்டிப்ளையரை வைத்தார்கள். இரண்டு குழாய்களின் இரைச்சலையும் ஒப்பிட்டால் ஒன்று ஏறும்போது மற்றதும் சற்றே ஏறியது. அந்த ஒற்றுமையை வைத்தே நட்சத்திரத்தின் விட்டத்தைச் சொல்லிவிட்டார்கள்.

இயற்பியலாளர்கள் பலர் சண்டைக்கு வந்தார்கள். ஒளித்துகள்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டா கிளம்புகின்றன என்று கேட்டார்கள். ஆனால் சோதனை சோதனைதான். விளக்கு ஒளியும் விண்மீன் ஒளியும் நம்ம டவுன் பஸ் மாதிரி: அரை மணி நேரம் ஒன்றும் வராது, வந்தால் மூன்று சேர்ந்து வரும். 1960இல் லேசர் வந்த பிறகு, அதன் ஒளி அப்படிக் கொத்துக் கொத்தாக வராது என்று தெரிந்தது. இரண்டு வகை ஒளியையும் ஒரே கணிதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் கோட்டயம் அருகே பள்ளத்தில் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்த இ. சி. ஜி. சுதர்சன். அவருடைய கட்டுரை 1963இல் வந்தது. அந்தத் துறைக்காக 2005இல் கிளாபருக்கு நோபல் கொடுத்தபோது சுதர்சனை விட்டுவிட்டார்கள். அது அநியாயம் என்று சொல்பவர்கள் பக்கம்தான் நான்.

விளக்கு ஒளி தடுமாறும், லேசர் நிதானமாக வரும் என்ற இந்த வித்தியாசம் இல்லாவிட்டால் மேற்கொண்டு கதை இல்லை.

அடுத்த பாத்திரம் கண்ணாடி இழை. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி லண்டனில் 1954இல் இழைக் கற்றை வழியே படம் அனுப்பிக் காட்டினார். 1966இல் சார்லஸ் காவ், கண்ணாடியைச் சுத்தமாக்கினால் பேச்சையே அனுப்பலாம் என்றார். எவ்வளவு சுத்தமானாலும் தூரம் போகப் போக ஒளி மங்குமே! 1987இல் பிரிட்டனின் சௌத்தாம்ப்டனிலும் பெல் கூடத்திலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதற்கு விடை வந்தது: இழையில் எர்பியம் என்ற உலோகத்தைத் துளி கலந்து, வேறொரு லேசரால் உசுப்பிவிட்டால் இழையே ஒளியைப் பெருக்கும். இன்று நாம் சிங்கப்பூருக்கு அனுப்பும் செய்தி இப்படிப்பட்ட பெருக்கிகளின் தோளில் ஏறித்தான் கடலடியில் போகிறது.

அந்தப் பெருக்கிக்கு ஒரு கெட்ட பழக்கம். உள்ளே எதையும் அனுப்பாமல் சும்மா விட்டாலும் தானாகக் கொஞ்சம் ஒளியைக் கசியவிட்டு, அந்தக் கசிவையும் தானே பெருக்கித் தள்ளும். பெயருக்குத்தான் லேசர் தொழில்நுட்பம். அந்த ஒளியின் குணமெல்லாம் விளக்கின் குணம், ஒழுங்கே இல்லாத தடுமாற்றம். தொலைத்தொடர்புக்காரர்கள் இதைத் திட்டித் தீர்த்தார்கள். இரைச்சல் தேவைப்பட்டவர்களுக்கோ தேடிப்போன புதையல் காலில் இடறியது.

இது மின் இரைச்சலாவது எப்படி? தம்புராவின் நடுத்தந்திகள் இரண்டும் ஒரே சுருதியில் சேராமல் மயிரிழை விலகியிருந்தால் 'வவ்வ்... வவ்வ்' என்று ஓர் அலைப்பு கேட்கும். விலகல் கூடினால் அலைப்பு வேகமாகும். (தம்புராவின் ஒலியை 1921இலேயே ஆராய்ந்து எழுதியவர் சி. வி. ராமன். அவர் பெயர் தாங்கிய ஒளிச்சிதறலைக் கொண்டும் இன்று இழையில் ஒளியைப் பெருக்குகிறார்கள்.) சற்றே வேறுபட்ட இரண்டு நிற ஒளிகள் ஒரு போட்டோடயோடில் சேர்ந்து விழுந்தாலும் அதே அலைப்புதான், மின்னோட்டமாக. எர்பியம் பெருக்கியின் கசிவில் 1530 முதல் 1565 நானோமீட்டர் வரை கோடானுகோடி நிறங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. சுருதி சேராத கோடித் தம்புராக்கள்! ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் அலைப்பு எழுப்பினால் என்ன ஆகும்? சுழியிலிருந்து நான்கு டெராஹெர்ட்ஸுக்கு மேல்வரை, இடைவெளியே இல்லாத இரைச்சல்.

மின்சுற்றிலேயே இவ்வளவு அகலம் வராதா என்றால், வருவது கடினம். அதிர்வெண் ஏற ஏறக் கம்பி, இணைப்பு, பற்றவைப்பு என்று ஒவ்வொன்றும் தன் பங்கைத் தின்னும். ஒளியின் அதிர்வெண்ணோ 193 டெராஹெர்ட்ஸ் பக்கம். நான்கு என்பது அதில் இரண்டு சதவீதச் சில்லறை. மின்சாரத்துக்குக் கடலாக இருப்பது ஒளிக்கு வாய்க்கால். போட்டோடயோடு எவ்வளவு வேகமாக அசையுமோ அதுதான் எல்லை. ஜப்பானின் என்டிடி நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஒருவகை டயோடு அந்த எல்லையையும் நூற்றுக்கணக்கான கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளிவைத்தது. உயர் அலைவரிசை ரேடியோ ஏற்பிகளைச் சோதிக்க இத்தகைய அளவு தெரிந்த இரைச்சல்தான் படிக்கல்.

நிதானமான லேசரையும் இரைய வைக்கலாம். அதன் வலிமை சீராக இருந்தாலும் தாளம் மெல்ல மெல்லத் தடம் மாறிக்கொண்டே போகும். கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நீளமான இழைச் சுருளில் சுற்றவிட வேண்டும். கண்ணாடியில் ஒளி ஒரு மீட்டரைக் கடக்க ஐந்து நானோவிநாடி ஆகும். சுற்றி வந்த பழைய கதிரும் நேரே வந்த புதிய கதிரும் சந்திக்கையில், ஒரே லேசரில் பிறந்திருந்தும் இரண்டுக்கும் தாளம் ஒத்துப்போவதில்லை. அந்தத் தகராறு அப்படியே மின் இரைச்சலாக இறங்குகிறது.

பிறகு இப்படிப்பட்ட ஒளி இரைச்சலிலிருந்து தற்செயல் எண் எடுக்க ஆளாளுக்குத் தொடங்கினார்கள். 2008இல் ஜப்பானின் சைத்தமா பல்கலைக்கழகக் குழு, குழப்பத்தில் தள்ளிய இரண்டு லேசர்களிலிருந்து விநாடிக்கு 170 கோடி தற்செயல் பிட்டுகள் எடுத்தது. மறு ஆண்டே இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகம், ஒரே லேசரில் அதை 1,250 கோடியாக்கியது. 2010இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ரஜர்ஷி ராயும் சகாக்களும், இழைப் பெருக்கியின் அந்தக் கசிவொளியை வைத்தே அதே வேகத்தைத் தொட்டார்கள். அதே ஆண்டு டொராண்டோ குழு லேசரின் தாளத் தகராறைக் கையில் எடுத்தது. இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் புனே ஆய்வகம் வேறு வழியில் போனது. கிளை பிரியும் இழையில் ஒளித்துகள் எந்தப் பக்கம் போகும் என்பதை நாணயச் சுண்டலாக்கி, விநாடிக்கு 15 கோடி பிட்டுகள் தரும் கருவியைச் செய்திருக்கிறது. புனே மாவட்டத்திலேயே கோடத் கிராமத்தில், 30 ரேடியோ தொலைநோக்கிகள் பிடிக்கும் வான இரைச்சல் லேசரில் ஏறி இழை வழியாகத்தான் மைய நிலையத்துக்கு வருகிறது. ஜான்ஸ்கி பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

எர்னிக்கும் இதற்கிடையில் வயதாகியது. நியான் போய், நான்காம் தலைமுறையில் ஜான்சன் சொன்ன வெப்ப இரைச்சல் வந்தது. 2019இல் பதவியேற்ற ஐந்தாம் எர்னி ஒளியில் இயங்குகிறது. முன்னவருக்கு ஒன்பது மணி நேரம் பிடித்த குலுக்கலை 12 நிமிடத்தில் முடித்துவிடுகிறது.

வேலந்தாவளத்தில் அண்ணா விற்கும் சீட்டுக்கு அந்த அவசரமெல்லாம் இல்லை. அதற்கான எண்ணைத் திருவனந்தபுரம் கார்க்கி பவனில், மதியம் மூன்று மணிக்கு, நடுவர்கள் முன்னால் சக்கரங்களைச் சுழலவிட்டுத்தான் எடுக்கிறார்கள்.